கை வைப்பதற்கு முன்

முதலில் கம்ப்யூட்டரில் திறந்திருக்கும் டிசைன் கோப்பை மூடுகிறார். மௌஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, எண்ணி மூன்று மூச்சு விடுகிறார். அதற்குப் பிறகுதான் திரையின் மூலையில் இருக்கும் பொத்தானை அழுத்துகிறார். கண்ணை மூடித் திறப்பதற்குள் கோப்பு அந்த நிமிடம் இருந்தபடியே ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்தாகிவிட்டது. ஆனால் ரேணுகாதேவிக்கு வேலை முடியவில்லை, அதற்குப் பெயர் வைக்க வேண்டும். 'புதன் 9.40 – சேவூர் பொன்னுசாமி அண்ணன் முந்தி – மாங்கா மூக்குல கை வைக்கறதுக்கு முன்னாடி' என்று தட்டுகிறார். ஒருமுறை படித்துப் பார்க்கிறார். சந்தேகம் வந்து மறுபடியும் படிக்கிறார். ஒரு மாங்காயின் மூக்கில் நான்கு கட்டங்களைக் கறுப்பாக்குவதற்குத்தான் இத்தனை ஆயத்தம்.

ஆரணியில், ஒரு ஜரிகைக் கடையின் மாடியில் இருக்கிறது இவருடைய அறை. இரண்டு கம்ப்யூட்டர், அட்டை குத்தும் மெஷின் ஒன்று, எப்போதும் கொஞ்சம் சாய்ந்தே சுற்றும் ஒரு மின்விசிறி. நெசவாளிகள் மனதில் நினைத்துக்கொண்டு வரும் மாங்காயையும் மயிலையும் இவர் திரையில் கட்டம் கட்டமாக வரைகிறார். கட்டங்களின் ஒவ்வொரு வரிசையும் ஓர் அட்டையாகிறது. அட்டையில் எங்கே ஓட்டை இருக்கிறதோ அந்த இழையைத் தறி தூக்கும். ஆயிரத்து எண்ணூற்று நாற்பது வரிசை உள்ள ஒரு புடவை முந்திக்கு ஆயிரத்து எண்ணூற்று நாற்பது அட்டை. நடுவில் ஒன்று விட்டுப்போனாலும் மாங்காயின் வயிறு ஒடிந்துவிடும்.

வயது நாற்பத்தாறு. மூக்குக் கண்ணாடியைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். அது தொலைந்துவிடும் என்ற பயம். பைக்குள் இன்னொரு கண்ணாடி இருக்கிறது. அது கயிறு அறுந்துவிடும் என்ற பயம். வீட்டை விட்டுக் கிளம்பும்போது கேஸ் குமிழை மூடிவிட்டு அதைப் போனில் படம் எடுத்துக்கொள்கிறார், பாதி வழியில் சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ள. சமையலறை அலமாரியைச் சுத்தம் செய்வதென்றாலும் முதலில் ஒரு படம்தான். எந்த டப்பா எங்கே இருந்ததோ அங்கேயே திரும்பப் போக வேண்டும். "நான் வெளிய போறேன், என்னையும் ஒண்ணு எடுத்து வச்சிக்கோ" என்று ஒருநாள் இவருடைய கணவர் கேலி செய்தார். இவர் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தார்.

இந்தப் பயம் பிறவியில் வந்ததல்ல. ஏழெட்டு வருடத்துக்கு முன்பு இவருடைய கம்ப்யூட்டரில் நாற்பத்தோரு ஸ்னாப்ஷாட் இருந்தன. எல்லா டிசைனுக்கும் நாற்பத்தோரு நகல் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை ஹார்ட் டிஸ்க் டிக் டிக் என்று பல்லி மாதிரி சத்தம் கொடுத்துவிட்டு நின்றது. ரிப்பேர் செய்ய வந்த அஜித்குமார் அதைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, அந்த நாப்பத்தொண்ணும் இதுக்குள்ளயேதான் இருந்திச்சி" என்றார். ரேணுகாதேவிக்கு அது புரிய இரண்டு நாள் ஆனது. புரிந்த அன்றைக்குச் சாப்பிடவில்லை. வீடு வீடாகப் போய், தறிமேல் தொங்கிய அட்டைகளைக் கெஞ்சிக் கேட்டு வாங்கி, ஓட்டை ஓட்டையாகப் பார்த்துத் திரும்ப வரைந்தார். முந்நூறு டிசைன் போனது போனதுதான்.

அன்றிலிருந்து, மாடி ஏறி வரும் ஒவ்வொரு நெசவாளிக்கும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், இந்தப் பாடம் உண்டு:

"பாவுல அடையாளத்துக்கு நூலு கட்டுறீங்க இல்ல, அதாங்க ஸ்னாப்ஷாட்டு. தப்பா நெய்ஞ்சிட்டா அந்த நூலு வரைக்கும் பிரிச்சிகினு வந்துரலாம். அதுக்குன்னு நூலு இன்னொரு பொடவ ஆயிருமா? தறியே எரிஞ்சா நூலும் சேந்து எரியும். வேற ஊட்ல வேற பொடவ ஒண்ணு இருக்கணும். அது பேக்கப்பு. மொதல்து நம்ம கைக்கி பயந்துகினு எடுக்கறது. ரெண்டாவது தலையெழுத்துக்கு பயந்துகினு எடுக்கறது."

மூன்று மூச்சுக்கும் விளக்கம் வைத்திருக்கிறார். "ஊட எழய இழுத்துகினு ஓடுற நாடா பாவுக்குள்ள பாதியில இருக்கும்போது தறிய நிறுத்தினா அந்த எழ எந்தக் கணக்குல சேரும்? அதான். ஃபைல மூடாம எடுத்தா பாதி எழுதினதும் அப்பிடியே நின்னுரும். அப்பால எவ்ளோ தலகீழா நின்னாலும் அது தெறக்காது." நெசவாளிகள் தலையாட்டிவிட்டு டிசைன் எப்போது கிடைக்கும் என்று கேட்பார்கள்.

தலையெழுத்துக்கான ஏற்பாடு இன்னும் பெரியது. கம்ப்யூட்டரில் இருப்பது போக இரண்டு டிஸ்க். ஒன்று இவர் வீட்டுப் பீரோவில் கல்யாணப் புடவைக்கு அடியில். இன்னொன்று கண்ணமங்கலத்தில் அண்ணி கற்பகத்தின் வீட்டில், ஒரு காலி பிஸ்கட் டின்னுக்குள். வெள்ளிக்கிழமைதோறும் புதிய நகல் கண்ணமங்கலம் போகும், பழையது ஆரணிக்கு வரும். இரண்டும் ஒரே பையில் இருக்கக் கூடாது, ஒரே பஸ்ஸில் வரக் கூடாது. அதனால் அட்டை குத்தும் பாலு முன்னாடியே போய்ப் பழையதை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். இவர் அடுத்த பஸ்ஸில் புதியதோடு போய் இறங்குவார். பாலுவுக்கு அறுபது வயது, முழங்கால் வலி வேறு.

"ரெண்டு டப்பாவும் ஒண்ணா போனா இன்னாம்மா? சண்ட போட்டுக்குமா?"

"பஸ்சு கவுந்திச்சின்னா?"

"கவுந்தா நீயே இருக்க மாட்டியேம்மா."

"டிசைன் இருக்கணும் இல்லண்ணா."

பாலு முழங்காலைத் தேய்த்துக்கொண்டே எழுந்திருப்பார். பாவம், பஸ் ஏறிவிடுவார்.

இந்த மனுஷிக்குப் பாலு விட்டுக்கொடுக்காத விஷயம் வருடத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, ஆயுத பூஜை. தொழில் சாமான் எல்லாம் பூஜைக்கு வர வேண்டும், மறுநாள் காலை மறுபூஜை முடியும்வரை எதையும் நகர்த்தக் கூடாது என்பது பாலுவின் சட்டம். "ஒண்ண மட்டும் ஒதுக்கி வச்சா அது மனசுல வச்சிகினு இருக்கும்மா" என்பார். ரேணுகாதேவி சாமிக்கும் பயப்படுகிறவர். ஆனாலும் கண்ணமங்கலத்து டிஸ்க்கைப் பற்றி வாய் திறக்காமல் வருடா வருடம் சமாளித்துவந்தார். மூன்று நகலும் ஒரே பலகைமேல், ஒரே விளக்குக்கு முன்னால் கூடுவதை நினைத்தாலே இவருக்கு உள்ளங்கை வேர்க்கும்.

போன ஆயுத பூஜைக்கு அந்தச் சமாளிப்பு பலிக்கவில்லை. அதுவும் எந்த நேரத்தில் என்றால், சேவூர் பொன்னுசாமியின் கல்யாண முந்தி முடிந்த நேரத்தில். நான்கு மாத வேலை அது. பொன்னுசாமி பழைய அட்டைகளை ஐந்து தறியிலிருந்தும் கழற்றிவிட்டார். பாவு ஏற்றியாகிவிட்டது. விஜயதசமி அன்று காலை பத்தேகாலுக்குள், நல்ல நேரத்தில், முதல் அட்டை குத்த வேண்டும். தவறினால் ஐந்து வீட்டில் தறி சும்மா நிற்கும், ஐப்பசி முகூர்த்தத்துக்குப் புடவை போய்ச் சேராது.

பூஜை அன்று காலை பதினொன்று பத்துக்குக் கடைசிக் கட்டத்தைக் கறுப்பாக்கினார். ஸ்னாப்ஷாட் எடுத்துப் பெயரைத் தட்டி முடித்தபோது பின்னால் குரல் கேட்டது. "ரேணு, யாரு வந்துகிறாங்க பாரு."

திரும்பினால் அண்ணி கற்பகம். கையில் கண்ணமங்கலத்து டிஸ்க், மல்லிகைச் சரம் சுற்றிய கோலத்தில்.

"எல்லாத்துக்கும் பூஜ போடும்போது இது மட்டும் எதுக்கு பிஸ்கட் டின்ல அனாதையா கெடக்கணும்? நானே எடுத்துகினு வந்துட்டேன்."

ரேணுகாதேவியின் முகம் போன போக்கைப் பார்த்து, சந்தோஷம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று அண்ணி நினைத்துக்கொண்டார். முந்தியைக் காட்டச் சொன்னார். இவரும் காட்டினார். அப்புறம் பூஜைக்கென்று கொண்டுவந்திருந்த பீரோ டிஸ்க்கை மாடிப்படிக்கு அடியில் வைப்பதா, கீழே ஜரிகைக் கடையில் கொடுத்து வைப்பதா என்று அண்ணியோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் பாலு மஞ்சள் துணியை நனைத்துப் பிழிந்து மெஷின், விசிறி, மேசை, கீபோர்டு என்று ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் பாலுவும் அண்ணியும் சேர்ந்து இவரைத் தோற்கடித்தார்கள். வந்ததுதான் வந்தது என்று இரண்டு டிஸ்க்கிலும் புதிய நகல் போட்டுக் கம்ப்யூட்டரை அணைத்தார். மூன்றுக்கும் சந்தனம் வைத்தார்கள்.

பலகையில் கலசம் வேறு. ரேணுகாதேவி அதை டிஸ்க்குகளிடமிருந்து ஒரு சாண் தள்ளி வைப்பார், பாலு திரும்ப இழுத்து வைப்பார். சூடம் காட்டும்போது எல்லோரும் சரஸ்வதியைப் பார்த்துக் கும்பிட்டார்கள். இவர் தட்டையே பார்த்துக் கும்பிட்டார். சாயங்காலம் கதவைப் பூட்டியபோது உள்ளே தண்ணீர் இருந்தது, திரி இருந்தது, ஏழெட்டு வருட உழைப்பின் மூன்று நகலும் இருந்தன. அன்று தூங்கினீர்களா என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறார்.

விஜயதசமி காலையில் பூட்டைத் திறந்தால் எல்லாம் வைத்தது வைத்தபடி. ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தவில்லை. ரேணுகாதேவி கன்னத்தில் போட்டுக்கொண்டார். சாமியைச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாகக்கூட இருந்தது. பொன்னுசாமி வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்து சேர்ந்தார். அண்ணியும் இருந்தார். மறுபூஜை முடிந்து, ரேணுகாதேவி கோப்பை மெஷினுக்கு அனுப்பினார். குத்த வேண்டிய அட்டைகளின் எண்ணிக்கை மெஷினின் சின்னக் கண்ணாடியில் விழுந்தது. ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்று மூன்று.

"நாப்பத்தேழு கொறையிதே டிசைன்மா" என்றார் பொன்னுசாமி. நான்கு மாதமாக அந்த எண்ணைத் தவிர வேறு எதுவும் அவர் வாயில் வரவில்லை.

"மெசினு தப்பா காட்டுது" என்றார் பாலு.

மெஷின் சரியாகத்தான் காட்டியது. பெரிதாக்கிப் பார்த்தபோது, இரண்டாவது மாங்காய் வரிசைக்குக் கீழே நாற்பத்தேழு வரிசை காணவில்லை. மேல் மாங்காயின் இடுப்பிலிருந்து நேராகக் கீழ் மாங்காயின் காம்பு முளைத்திருந்தது. ரேணுகாதேவி பீரோ டிஸ்க்கைச் செருகினார். சந்தனம் உதிர்ந்தது. ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்று மூன்று. கண்ணமங்கலத்து டிஸ்க். அதிலும் அதே தொண்ணூற்று மூன்று. ஆரணிக்கும் கண்ணமங்கலத்துக்கும் பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கிக் காப்பாற்றிய மூன்று நகலிலும் ஒரே பிழை பத்திரமாக உட்கார்ந்திருந்தது.

பாலு மெல்லத் தன் கையில் இருந்த மஞ்சள் துணியைப் பார்த்தார்.

"நேத்து ஸ்கிரீனு கருப்பா இருந்திச்சிம்மா. ஆஃப்ல கீதுன்னு நெனச்சிட்டேன். பட்டன எல்லாம் நல்லா அழுத்தி தொடச்சேன். அந்த டெலிட்டுன்னு போட்டுகீது பாரு, அதுல போன வருச விபூதி ஒட்டிகினு இருந்திச்சி. தேச்சி தேச்சி எடுத்தேன், நிமிந்தே பாக்கல."

திரை தானாக இருட்டாகியிருந்தது. அண்ணிக்குக் காட்டிய முந்தி அதற்குள் திறந்தபடியே கிடந்தது. ஒவ்வொரு தேய்ப்புக்கும் ஒரு வரிசை போயிருந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாகச் சேமித்துக்கொள்ளும் நல்ல பழக்கம் அந்த மென்பொருளுக்கு உண்டு. ரேணுகாதேவி பிறகு மூடும்போது முந்தி முழுவதும் சுருங்கித் திரைக்குள் அடங்கியிருந்தது. அந்த அளவில் நாற்பத்தேழு வரிசை கண்ணுக்குப் படாது.

மணி ஒன்பது ஐம்பது. இவர் பாலுவைத் திட்டவில்லை. திட்ட நேரம் இல்லை. ஸ்னாப்ஷாட் பட்டியலைத் திறந்தார். உச்சியில் இருந்தது, 'ஆயுத பூஜை 11.10 – பொன்னுசாமி அண்ணன் முந்தி – முடிஞ்சது – இனிமே யாரும் கை வைக்க வேணாம்.'

"அதான் கீதே! எடுத்துரும்மா, ஜல்தி" என்றார் பாலு.

ரேணுகாதேவியின் விரல் நகரவில்லை. அந்த ஸ்னாப்ஷாட்டை எடுப்பதற்கு முன் கோப்பை மூடினோமா? நினைவில்லை. அந்தக் காலையை எவ்வளவு துழாவினாலும் மல்லிகை சுற்றிய டிஸ்க்கும் அண்ணியின் சிரிப்பும்தான் வருகின்றன. மூடாமல் எடுத்திருந்தால், உள்ளே இருப்பது பாதி எழுதிய கோப்பு. திறக்காது. அதற்கு முந்தையது கடைசி மாங்காய் வரிசையில் கை வைப்பதற்கு முன் எடுத்தது, அதற்குப் போனால் ஒரு வார வேலை போய்விடும். இன்றைய நல்ல நேரமும் இல்லை, ஐப்பசியும் இல்லை.

முதலில் கெட்டுப்போன கோப்பை மூடினார். கையை மடியில் வைத்தார். மூன்று மூச்சு. அந்தக் கெட்ட நிலைக்கு ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்தார். பெயரும் தட்டினார்: 'விஜயதசமி 9.54 – பாலு அண்ணன் தொடச்சது.'

பொன்னுசாமிக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. "கெட்டு போனத எதுக்குங்க எடுத்து வக்கிறீங்க? மணி ஆவுதே."

"திரும்பி போற வழியில இன்னும் கெட்டு போச்சின்னா, இதுவாவது இருக்கணும் இல்லிங்களா."

சொன்னாரே தவிர, அடுத்த பொத்தானுக்கு விரல் போகவில்லை. அண்ணியைத் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணி, நேத்து நீங்க மாடி ஏறி வந்தப்ப நான் இன்னா பண்ணிகினு இருந்தேன்?"

"இன்னா பண்ணே, கம்ப்யூட்டர் முன்னாடி ஒக்காந்துகினு இருந்தே."

"கை எங்க இருந்திச்சி?"

அண்ணி யோசித்தார். "மடியில வச்சிகினு இருந்தே. சாமி கும்புடற மாதிரி பெருமூச்சு உட்டுகினு. வாசப்படியில நின்னு ரெண்டு வாட்டி கூப்ட்டேன், நீ திரும்பவே இல்ல. செரி, பூஜ நாளாச்சே, நீ வேண்டிகினு இருக்கறேன்னு நானும் சும்மா நின்னேன். அப்பால இன்னாமோ தட்டினே. முடிச்சதும்தான் மறுபடி கூப்ட்டேன்."

ரேணுகாதேவி இன்னொரு முறை கேட்டார். "மூச்சு உட்டேனா? பாத்தீங்களா?"

"பாத்தேன்டி. எதுக்கு இந்த பேஜாரு?"

கோப்பை மூடாமல் இவர் அந்த மூச்சை விட்டதே இல்லை. பொத்தானை அழுத்தினார். திரை ஒரு கணம் வெளுத்தது. கோப்பு திறந்தது. மாங்காய்களுக்கு வயிறும் காம்பும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. மெஷினின் சின்னக் கண்ணாடியில் ஆயிரத்து எண்ணூற்று நாற்பது என்று வந்தபோது பொன்னுசாமி அதை வாய்விட்டுப் படித்தார், இரண்டு தடவை. ரேணுகாதேவிக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற சாக்கில் அழுது முடித்தார். மணி பத்து ஐந்து.

"அண்ணி, உங்க டிஸ்க்குல புது காப்பி போட்டுத் தரேன். சாப்பாடு அப்பறம். பதினொரு மணி பஸ்ல இத எடுத்துகினு கெளம்பிருங்க" என்றார் முதல் வேலையாக. கற்பகம் அண்ணி விருந்துக்கென்று வந்தவர். முறைத்தார், ஆனால் செருப்பைத் தேடத் தொடங்கினார்.

மெஷின் தடதடவென்று எழுந்து முதல் அட்டையைத் துப்பியது. பாலு அதை இரண்டு கையாலும் ஏந்தி, மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, பொன்னுசாமியிடம் நீட்டினார். பொன்னுசாமி கண்ணில் ஒற்றிக்கொண்டு பலகையில் வைத்தார். பாலு சூடம் ஏற்றினார். "கும்புடும்மா" என்றார், இன்னும் முகத்தைப் பார்க்கக் கூசிக்கொண்டு.

ரேணுகாதேவி உடனே கும்பிடவில்லை. குனிந்து, கம்ப்யூட்டரின் பின்பக்கம் கையை விட்டு, கீபோர்டின் வயரைப் பிடுங்கினார். அந்த வயரின் நுனியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் இறுக்கி வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக் கும்பிட்டார்.